பத்து பேருக்கு ஒரு ஆசிரியர்: நர்சிங் மாணவிகளுக்கு வார்டில் பாடம் நடத்துவது ஏன் இத்தனை சிரமம்?

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை நாடு முழுக்க 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2014க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே இவை அமையும். மொத்தச் செலவு 1,570 கோடி ரூபாய், அதாவது கல்லூரிக்கு 10 கோடி. ஆண்டுக்குச் சுமார் 15,700 பட்டதாரி நர்சுகள் வெளியே வருவார்கள் என்பது கணக்கு. தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள். அறிவிப்பு வந்ததும் எந்த ஊர், எத்தனை சீட்டு, கட்டடம் எப்போது என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. இந்த மாணவிகளை வார்டுக்குக் கூட்டிப்போய், நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்லிக்கொடுக்கப் போவது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

இன்னொரு பக்கம், மருத்துவமனைகளில் ஒரு பழைய புகார் ஓடிக்கொண்டே இருக்கிறது: "இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு ஒழுங்கா ஒரு ஊசி போடத் தெரியலை." அந்தப் புகார் சுற்றிச்சுற்றி நர்சிங் ஆசிரியர் தலையில்தான் வந்து விழும். அது நியாயமா? பதில் சொல்ல வேண்டுமானால், வார்டில் அந்த ஆசிரியர் எந்த நிலையில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

சில அடிப்படைச் சொற்கள்

நர்சிங் படிப்பு ஒன்றல்ல. ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ்-மருத்துவச்சிப் படிப்பு 2 ஆண்டு, ஜி.என்.எம். என்கிற பொது நர்சிங்-மருத்துவச்சி டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, அதற்கு மேல் எம்.எஸ்சி. 2 ஆண்டு. பாடத்திட்டத்தையும் குறைந்தபட்ச விதிகளையும் வகுப்பது 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதன் இடத்தில் புதிய ஆணையம் கொண்டுவரும் சட்டம் 2023இல் நிறைவேறியது. தமிழ்நாட்டில் பட்டம் தருவது பெரும்பாலும் சென்னை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். படிப்பு முடிந்து பதிவு எண் தருவது மாநிலக் கவுன்சில்.

இந்தப் படிப்பு மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது வகுப்பறை, பேச்சு வழக்கில் 'தியரி'. இரண்டாவது 'ஸ்கில் லேப்'. பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் கூடம். மூன்றாவது மருத்துவமனை வார்டு, 'கிளினிக்கல்'. ஒரு குழு ஒரு வார்டில் சில வாரம் இருப்பதற்குப் பெயர் 'போஸ்டிங்'.

இந்த மூன்றில் எது பெரியது என்பதை 2021இல் அரசிதழில் வெளியான பி.எஸ்சி. பாடத்திட்டத்திலேயே பார்க்கலாம். செமஸ்டருக்கு 20 வாரம். படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுக்குப் பெயர் கிரெடிட். தியரியில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 1 மணி நேரம், லேபில் 2 மணி, கிளினிக்கலில் 4 மணி. ஒரே ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பறையில் 20 மணி நேரம் போதும், வார்டிலோ 80 மணி நேரம் நிற்க வேண்டும். வருகைப்பதிவிலும் இதே கண்டிப்பு. தியரிக்கு 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம், பட்டம் வாங்கக் கிளினிக்கலில் 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும்.

படிப்பின் உயிர் வார்டில்தான் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. அந்த வார்டு யாருடையது என்ற கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு காலை, ஒரு கட்டில்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு, காலை எட்டரை மணி. ஒரு ஆசிரியர், பத்து மாணவிகள். மூன்றாம் படுக்கை நோயாளிக்கு செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம், நரம்பு வழியாக. தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் தினமும் கண்ணில் படும் ஆன்டிபயாடிக் அது.

மாணவி தயாராகத்தான் வந்திருக்கிறாள். முந்தின இரவே 'டிரக் ஸ்டடி' நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். மருந்தின் வகை, அளவு, பக்க விளைவு, அப்புறம் 'கால்சியம் உள்ள திரவத்தோடு கலக்கக் கூடாது' என்ற வரி, அடியில் சிவப்புக் கோடு. குப்பியில் ஸ்டெரைல் வாட்டர் ஏற்றுகிறாள், குலுக்குகிறாள், காற்றுக் குமிழை வெளியேற்றுகிறாள். கை லேசாக நடுங்குகிறது, ஆனாலும் முறை சரி.

நோயாளியின் தலைமாட்டில், ஸ்டாண்டில் தொங்குவது ஆர்.எல். பாட்டில். ரிங்கர் லாக்டேட். அதில் கால்சியம் இருக்கிறது. டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே குழாயில் இந்த மருந்தைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து மணல்போலத் திரிந்து படியும்.

நோட்டில் இருக்கும் வரியையும் ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலையும் அந்தப் பெண் சேர்த்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதில், பின்னால் நான்கு தோழிகளும் எதிரே நோயாளியின் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படிச் சேர்த்துப் பார்ப்பது இயல்பாக வராது. அந்த நொடியில் பக்கத்தில் ஒருவர் இருந்து, "ஊசியைக் கீழே வை. மேலே தொங்குறது என்னன்னு படி" என்று சொன்னால், அந்தப் பாடம் அவளுக்குச் சாகும்வரை மறக்காது. டிரிப்ஸை நிறுத்தி, குழாயை நார்மல் சலைனால் கழுவிவிட்டு, மெதுவாக மருந்தைச் செலுத்த வேண்டும் என்பதை அப்போதே கையோடு கற்றுக்கொள்வாள்.

கிளினிக்கல் கல்வி என்பது மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்தை உரிய நொடியில் சொல்வதுதான். ஆசிரியர் அப்போது பதினோராம் படுக்கையில், வேறொரு மாணவி பி.பி. பார்ப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால்?

1:10 என்ற கணக்கு எப்படிக் கரைகிறது

கவுன்சிலின் விதி 10 மாணவர்களுக்கு 1 ஆசிரியர். ஆண்டுக்கு 60 பேர் சேரும் கல்லூரியில் நான்கு ஆண்டும் சேர்த்து 240 பேர், 24 ஆசிரியர்கள். தாளில் பார்த்தால் குறையே இல்லை.

ஆனால் அந்த 24க்குள் முதல்வர், துணை முதல்வர், பேராசிரியர்கள் எல்லோரும் அடக்கம். நிர்வாகம், தியரி, கேள்வித்தாள், இன்ஸ்பெக்ஷன் வேலை என்று அவர்கள் கல்லூரியிலேயே தங்கிவிடுகிறார்கள். மீதியில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருப்பார், ஒருவர் வேறு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருப்பார், ஒருவரை அட்மிஷன் நேரத்தில் பள்ளி பள்ளியாகப் பிள்ளை சேர்க்க அனுப்பியிருப்பார்கள். (நர்சிங் ஆசிரியருக்கும் பிள்ளை பிடிக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. சில தனியார் கல்லூரிகளில் அதுவும் பணிதான்.) வார்டுக்கு நிரந்தரமாக வருவது டியூட்டர்கள். படிநிலையில் கடைசி, சம்பளத்திலும் கடைசி, அனுபவத்தில் இளையவர்கள். மிக நுணுக்கமாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்துக்கு மிகப் புதியவரை அனுப்பும் வழக்கம் இப்படித்தான் உருவானது.

சரி, 1:10 உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 8 முதல் 1 வரை 300 நிமிடம். ஒரு மாதிரிக் கணக்கு:

1. வருகைப்பதிவு, யூனிஃபார்ம் பார்த்தல், படுக்கை பிரித்துக்கொடுத்தல்: 20 நிமிடம்.
2. டாக்டர் ரவுண்ட்ஸ். அந்த நேரத்தில் மாணவிகள் ஓரமாக நிற்க வேண்டும்: 45 நிமிடம்.
3. டீ இடைவேளை: 20 நிமிடம்.
4. யாராவது ஒரு மாணவி தன் நோயாளியைப் பற்றி எல்லார் முன்னும் விளக்கும் கேஸ் பிரசென்டேஷன்: 45 நிமிடம்.
5. ரெக்கார்டு, லாக் புக் கையெழுத்து: 40 நிமிடம்.

போனது 170. மிச்சம் 130 நிமிடத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு மாணவிக்கு 13 நிமிடம். ஆன்டிபயாடிக் ஒன்றைக் கலந்து, சரிபார்த்து, மெதுவாகச் செலுத்தி, நோயாளியைக் கவனித்து, பதிவு செய்ய 13 நிமிடம் தேவைப்படும். அப்படியானால் அன்றைக்கு அந்த மாணவி ஆசிரியர் பார்வையில் செய்யக்கூடியது ஒரே ஒரு வேலை. மற்றதெல்லாம் ஆசிரியர் பார்க்காமல் நடக்கும், இல்லையென்றால் நடக்காது.

இதில் ஆசிரியர்கள் எடுக்கும் முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. மாணவிக்கு இன்னும் பதிவு எண் கிடையாது. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவளோடு போன ஆசிரியரும் டியூட்டியில் இருக்கும் நர்சும்தான். எல்லாரையும் கவனிக்க முடியாத ஆசிரியர், ஆபத்தில்லாத வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்: படுக்கை விரி, டெம்பரேச்சர் எடு, பி.பி. பார், நோயாளிக்கு உடல்நலம் பற்றிச் சொல்லும் 'ஹெல்த் டாக்' கொடு. நோயாளிக்கு இது பாதுகாப்பு. மாணவி நான்காம் ஆண்டிலும் பி.பி.தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விருந்தாளியாக நிற்கும் ஆசிரியர்

எண்ணிக்கையைச் சரிசெய்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. ஆசிரியர்களிடம் பேசினால் எண்ணிக்கையைவிட ஆழமாக உறுத்துவது வேறொன்று என்று தெரியும்: வார்டில் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு, அதிகாரம் கிடையாது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியரோடு தொடங்கிய ஆறு மாத மருத்துவச்சிப் பயிற்சிதான் இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதற்குப் பிறகு வெகுகாலம் நர்சிங் பள்ளி என்பது மருத்துவமனையின் ஓர் அங்கம். வார்டு சிஸ்டர்தான் ஆசிரியர், மாணவி பாதி ஊழியர். உதவித்தொகை வாங்கிக்கொண்டு நைட் டியூட்டி பார்த்து, வேலை செய்தே வேலை கற்றார்கள். கை நன்றாகப் பழகியது. ஆனால் படிப்பு என்ற பெயரில் மலிவான உழைப்பை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் நியாயமானதுதான். மருத்துவமனைக்கு ஆள் வேண்டிய இடத்தில்தான் மாணவி நிற்பாள், அவள் எதைக் கற்க வேண்டும் என்பது இரண்டாம்பட்சம்.

1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் வந்தது. நர்சிங் பல்கலைக்கழகப் படிப்பானது. மாணவி மாணவியானாள், ஆசிரியர் முழுநேர ஆசிரியரானார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் பின்னால் நூற்றுக்கணக்கில் கல்லூரிகள் பெருகியபோது, பல இடங்களில் ஆசிரியர் வார்டை விட்டே வெளியேறிவிட்டார். இப்போது அவர் கல்லூரிப் பஸ்ஸில் மாணவிகளோடு வந்து இறங்குகிறார், ஒரு மணிக்கு அதே பஸ்ஸில் திரும்பிப் போகிறார். வார்டுக்கு அவர் வந்துபோகும் விருந்தாளி.

விதிப்படி கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும். அது போதாதபோது வெளி மருத்துவமனைகளோடு இணைப்பு வைத்துக்கொள்ளலாம். பல கல்லூரிகளின் சொந்த மருத்துவமனையில் நோயாளி கூட்டம் இருக்காது. அதனால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ பெரிய தனியார் மருத்துவமனைக்கோ, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி மாணவிகளை அனுப்புகிறார்கள். அங்கே போனதும் நடப்பவை:

1. எந்த நோயாளியை மாணவி தொடலாம் என்பதை முடிவு செய்வது வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ், அதாவது இன்சார்ஜ் சிஸ்டர். ஆசிரியர் கேட்டு வாங்க வேண்டும்.

2. தர அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் மாணவிகள் ஊசி போட, கேனுலா (டிரிப்ஸ் ஏற்றச் செருகும் சிறு குழாய்) குத்த அனுமதி இல்லை. பார்க்கலாம், அவ்வளவுதான். நோயாளி காசு கட்டுகிறார், பயிற்சிக்கு உடம்பைக் கொடுக்க வரவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது.

3. டிரெஸ்ஸிங் டிராலியில் பஞ்சு, கையுறை தீர்ந்தால் "உங்க பிள்ளைங்கதான் தீர்த்துட்டாங்க" என்ற பேச்சு வரும். சில கல்லூரிகள் கையுறைப் பெட்டியைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன.

4. வார்டில் ஆள் குறைவான நாளில் நிலைமை தலைகீழ். அதே மாணவிகளை லேபுக்கு ரத்தம் கொண்டுபோ, எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளு, ஃபைல் எடுத்து வா என்று அனுப்பிவிடுவார்கள். ஆசிரியர் மறுத்தால் நாளைக்குப் போஸ்டிங்கில் முகம் கொடுக்க மாட்டார்கள்.

வார்டு சிஸ்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கை பார்க்கிறார் என்பது உள்ளே போய்வந்த எல்லாருக்கும் தெரியும். அது போதாதென்று இரண்டு மூன்று கல்லூரிகளின் மாணவிகள், ஏ.என்.எம். பிள்ளைகள், ஹவுஸ் சர்ஜன்கள், பாராமெடிக்கல் மாணவர்கள் என்று ஒரே வார்டில் திருவிழாக் கூட்டம். கற்றுக்கொடுப்பது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை, அதற்கு ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை. எரிச்சல் வரத்தான் செய்யும்.

புத்தகத்தில் ஒன்று, கட்டிலில் இன்னொன்று

காலையில் ஸ்கில் லேபில் ஆசிரியர் சொல்கிறார்: ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கை சுத்தம். வார்டுக்கு வந்தால் வாஷ்பேசின் அந்தக் கோடியில், சானிடைசர் பாட்டில் காலி. புத்தகத்தில் படுக்கையிலேயே குளிப்பாட்டுதல் நர்ஸின் அடிப்படைப் பணி. நம்மூர் வார்டில் அதைச் செய்வது மகளோ மருமகளோ, இல்லாவிட்டால் ஆயாம்மா. மாணவி கேட்கிறாள்: "மேம், நீங்க அப்படிச் சொன்னீங்க, ஸ்டாஃப் இப்படிப் பண்றாங்க. எது சரி?"

இதற்கு ஆசிரியர் என்ன சொல்வார்? "அவங்க செய்றது தப்பு" என்றால், அது சிஸ்டர் காதில் விழுந்தால் நாளை அனுமதி போச்சு. "இங்கே இப்படித்தான்" என்றால் காலையில் நடத்திய பாடம் போச்சு. பெரும்பாலான ஆசிரியர்கள் நடுவில் ஒரு வழி பிடிக்கிறார்கள்: "பரீட்சையில் நான் சொன்னதை எழுது." அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர்களுக்கே கூசும். ஆனால் மாணவி அன்றைக்கு முக்கியமான ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். நர்சிங்கில் இரண்டு உண்மைகள் உண்டு, மார்க்குக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று.

இன்னொரு சங்கடத்தை ஆசிரியர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பத்து வருடம் கல்லூரியில் இருந்தவருக்குக் கை மறந்துபோகிறது. மருந்தை அளந்து செலுத்தும் புதிய மாடல் இன்ஃப்யூஷன் பம்ப், வென்டிலேட்டர், கம்ப்யூட்டரில் எழுதும் கேஸ் ஷீட் இதெல்லாம் அவர் வார்டில் இருந்த காலத்தில் இல்லை. மாணவிகள் முன்னால் ஐ.சி.யூ. பம்ப்பில் அலாரத்தை அடக்கத் தெரியாமல் நின்றால், பக்கத்தில் இருபத்து மூன்று வயது ஸ்டாஃப் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து ஒரு பட்டனைத் தட்டிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு ஐ.சி.யூ. போஸ்டிங் வந்தாலே கதவோரம் நிற்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களைத் திரும்ப வார்டில் வேலை பார்க்கவிட்டுப் பழக்க எந்த ஏற்பாடும் கிடையாது.

ரெக்கார்டு என்ற பெருவெள்ளம்

செயலைப் பார்க்க முடியாதபோது தாளைப் பார்ப்பது எளிது. கேர் பிளான், கேஸ் ஸ்டடி, கேஸ் புக், டிரக் புக், ஹெல்த் டாக், நர்சஸ் நோட்ஸ், லாக் புக், புரொசிஜர் ரெக்கார்டு. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் ஆசிரியர் கையெழுத்து. இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்கள் வார்டில் மாணவி ஊசி போடுவதைப் பார்க்க நேரமில்லாதவர்கள், ரெக்கார்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதனால் கல்லூரி ரெக்கார்டைத் துரத்துகிறது, ஆசிரியர் மாணவியைத் துரத்துகிறார், மாணவி சீனியரின் நோட்டைத் துரத்துகிறாள்.

தமிழ்வழியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. மூச்சுத்திணறலோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்ததும், "மேம், தாத்தாவுக்கு மூச்சு முட்டுது, தலையணையை உயர்த்தி வைக்கவா?" என்று கேட்கத் தெரிந்தவள் அவள். செய்ய வேண்டியதும் அதுதான். அதையே 'நர்சிங் டயக்னோசிஸ்' (நோயாளியின் தேவையை நர்ஸ் கணித்து எழுதும் முறை) என்ற சட்டகத்துக்குள் ஆங்கில வாக்கியமாக எழுதச் சொன்னால், புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைப் பெயர்த்து ஒட்டுகிறாள். தாத்தாவின் பெயரையும் வயதையும் மாற்றினால் எந்த நோயாளிக்கும் அது பொருந்தும். திருத்தும் ஆசிரியருக்கும் தெரியும். அறுபது நோட்டு, இரவு பதினொரு மணி, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

கேஸ் கிடைக்காத இடம்

இந்த நெருக்கடி உச்சத்துக்குப் போவது லேபர் வார்டில். பழைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஒரு மாணவி 20 சாதாரணப் பிரசவம் பார்த்திருக்க வேண்டும். 60 பேர் வகுப்பு என்றால் 1,200 பிரசவம், ஒரு கல்லூரிக்கு, ஓர் ஆண்டுக்கு. அதே லேபர் வார்டில் வேறு கல்லூரிகள், ஹவுஸ் சர்ஜன்கள், முதுநிலை மருத்துவ மாணவர்கள். சிசேரியனும் கூடிவிட்டது. ஒரு பிரசவத்தை நான்கு பேர் சுற்றி நின்று பார்த்துவிட்டு நான்கு பேரும் 'நான் பார்த்தேன்' என்று கேஸ் புக்கில் எழுதுவது எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆண் மாணவர்கள் கதை இன்னும் சிரமம். பாடத்திட்டம் அவர்களுக்கும் ஒன்றுதான். பல இடங்களில் லேபர் வார்டு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். தாய்மாரின் கூச்சத்தை மதிக்கத்தான் வேண்டும். அப்படியானால் அந்தப் பையன் எங்கே போய்க் கற்பான் என்பதற்குப் பதிலை ஆசிரியரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொம்மை வைத்துப் பழகலாமே என்பார்கள். முதல் ஊசியை நோயாளிமேல் குத்தாமல் பொம்மைமேல் குத்துவது மிக நல்லது. ஆனால் விலை உயர்ந்த பொம்மையை இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் உறை பிரிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. கெட்டுப்போனால் யார் ரிப்பேர் செய்வது என்ற பயம். அப்புறம், பொம்மைக்கு வலிக்காது, அது கையை இழுத்துக்கொள்ளாது.

மார்க் போடும் சங்கடம்

புதிய பாடத்திட்டம் 'ஓஸ்கி' என்ற தேர்வு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 1970களில் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கியது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, குறித்த நிமிடம், கையில் சரிபார்ப்புப் பட்டியலோடு தேர்வாளர். "எனக்குப் பிடித்த மாணவி" என்ற சாய்வு குறையும். நல்ல முறை. செலவு என்ன? 10 மேசை, தலா 5 நிமிடம் என்றால் ஒரு சுற்றில் 10 பேருக்கு 50 நிமிடம். 60 பேருக்கு 6 சுற்று, இடைவெளி இல்லாமல் 5 மணி நேரம், மேசைக்கு ஒருவர் என்றால் 10 தேர்வாளர்கள். அன்றைக்கு வார்டில் இருக்கும் மற்ற வகுப்புகளோடு யார் போவது?

வார்டில் போடும் உள்மதிப்பெண்ணில் சங்கடம் வேறு மாதிரி. ஒரு மாணவி பாதுகாப்பாக ஊசி போட மாட்டாள் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. ஃபெயில் போடலாமா? "எந்தத் தேதியில், எந்தத் தவறு, எங்கே எழுதி வைத்தீர்கள்?" என்று கேட்பார்கள். 13 நிமிடம் பார்த்ததில் ஆதாரம் ஏது? கட்டணம் கட்டிய பெற்றோர், ரிசல்ட் சதவீதத்தைப் பேனரில் போட வேண்டிய நிர்வாகம், வருடாவருடம் புதுப்பிக்கும் வேலை. பாஸ் மார்க் விழுகிறது. அந்தப் பெண் ஏதோ ஒரு மருத்துவமனையில் நைட் டியூட்டியில் தனியாக நிற்கும்போதுதான் விளைவு தெரியும்.

ஆசிரியரே இல்லாத கல்லூரிகள்

மேலே சொன்னதெல்லாம் ஆசிரியர் இருக்கும் இடத்துக் கதை. மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. 300க்கும் மேற்பட்ட நர்சிங் கல்லூரிகளை ஆய்வு செய்தது. அதில் கணிசமானவை தகுதியற்றவை அல்லது குறைபாடுள்ளவை என்று அறிக்கை வந்தது. கட்டடம் இல்லை, மருத்துவமனை இல்லை, ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில். 2024இல் ஆய்வு செய்யப் போன அதிகாரிகள் சிலரே லஞ்சம் வாங்கியதாகக் கைதானார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதே ஆண்டு இங்கே அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் பல இடங்களில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டிய விவகாரம் வெளிவந்தது. பொறியியலில் அப்படி நடந்தால் பட்டம் வீணாகும். நர்சிங்கில் நடந்தால் நோயாளியின் உயிர் நடுவில் வருகிறது.

வேறு வழிகள் இருக்கின்றனவா?

1. இரட்டைப் பொறுப்பு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய நர்சிங் பள்ளியின் வழிவந்த கல்லூரியில், கல்வியும் மருத்துவமனையின் நர்சிங் சேவையும் பிணைந்தவை. வகுப்பில் பாடம் எடுப்பவருக்கே வார்டிலும் பொறுப்பு உண்டு. அங்கே அவர் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். சானிடைசர் காலி என்றால் அதை நிரப்பச் சொல்லும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது, கையும் மறக்காது. குறை என்ன? இரண்டு வேலையை ஒருவர் தலையில் கட்டுவது. ஆள் பலமும் நிர்வாக உறுதியும் இல்லாத இடத்தில் இதைக் காப்பியடித்தால் இரண்டு வேலையும் கெடும்.

2. பிரிசெப்டர் முறை. அனுபவமுள்ள வார்டு நர்ஸ் ஒருவரிடம் ஒன்றிரண்டு மாணவிகளை ஒப்படைப்பது. புதிய பாடத்திட்டத்தின் எட்டாம் செமஸ்டரில் 22 வாரம், வாரம் 48 மணி நேர இன்டர்ன்ஷிப் இருக்கிறது. இந்த முறைக்கு அதுவே சரியான இடம். ஆனால் அந்த நர்சுக்குப் படுக்கை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், படி கொடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெறும் கையோடு கேட்டால் மாணவி மறுபடி எக்ஸ்ரே ஸ்ட்ரெச்சர்தான் தள்ளுவாள். இன்டர்ன்ஷிப்பும் பழையபடி இலவச உழைப்பாக மாறும்.

3. ரெக்கார்டைப் பாதியாகக் குறைப்பது. இதற்குப் பணமே வேண்டாம். கேட்பதற்கு எளிது, இன்ஸ்பெக்ஷன் பட்டியலை மாற்றாமல் எந்த முதல்வரும் துணிய மாட்டார்.

என் கணிப்பில் முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்த கலவைதான் நிற்கும். அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே வரும் 157 கல்லூரிகளுக்கு அந்த வாய்ப்பு இயல்பாகவே இருக்கிறது. மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே நிர்வாகம், கட்டணமும் பஸ்ஸும் தேவையில்லை. ஆனால் ஆண்டுக்கு 100 சீட்டு, நான்கு ஆண்டில் 400 பேர், 1:10 கணக்கில் கல்லூரிக்கு 40 ஆசிரியர்கள். தமிழ்நாட்டின் 11க்கு 440 பேர், நாடு முழுக்க 6,280. இவர்களை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரே குளம்தான் இருக்கிறது: இப்போது வார்டுகளில் ஆள் போதாமல் ஓடிக்கொண்டிருக்கும் நர்சுகள்.

இந்த ஆண்டு பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கப் போகிறவர்கள், கல்லூரியில் ஏ.சி. வகுப்பறையைச் சுற்றிக் காட்டும்போது மூன்று விஷயம் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை கிலோமீட்டர் போகிறார்கள்? அங்கே மாணவிகள் ஊசி போட அனுமதி உண்டா, வேடிக்கை பார்க்க மட்டுமா? வார்டுக்குக் கூடப் போகும் ஆசிரியர்கள் பெயர் என்ன, இந்தக் கல்லூரியில் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு அலுவலகத்தில் பதில் வரவில்லை என்றால், பஸ் நிற்கும் இடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.